உழைக்கும் கைக்கு உயர்தரக் கைக்கடிகாரம்

நுட்பமான பொறியொன்றை வைப்பதற்கு மனித உடலில் மிகவும் தகாத இடம் யாதென வினவினால், மணிக்கட்டு என்றே விடை கூறல் வேண்டும். கதவில் மோதுவது அது. சுவரில் உராய்வது அது. வியர்வையில் ஊறுவதும், கிணற்று நீரிலும் கடல் நீரிலும் முதலில் நனைவதும் அதுவே. சட்டைப்பையினுள்ளே சங்கிலியோடு பாதுகாப்பாய் இருந்துவந்த மணிக்கூட்டை, முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளிலே நின்ற வீரர்கள் வசதி கருதிக் கையிற் கட்டிக்கொண்டனர். அதுவரை பெண்களுக்குரிய அணி எனக் கருதப்பட்ட கைக்கடிகாரம் ஆடவரிடையேயும் பரவியது அதன் பின்னரே. பரவிய நாள் தொடக்கம் அதற்குத் தொல்லையும் தொடங்கிற்று.

இன்று பல மாதச் சம்பளத்தை, சில வேளைகளில் ஓராண்டுச் சம்பளத்தையே கொடுத்து ஓர் உயர்தரக் கைக்கடிகாரத்தை வாங்குவோர் உளர். வாங்கியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டித் திருமண வீட்டுக்கு மாத்திரம் அணிந்து செல்வோருக்கு இப்பேச்சினாற் பயன் அதிகமில்லை. ஓடியாடி உழைக்கும் கையிலே அதனை நாள்தோறும் அணிய வேண்டும், விளையாட்டிலும் நீச்சலிலும் கழற்றாதிருக்க வேண்டும், தம் காலத்தின் பின் அது மக்கள் கைக்குப் போக வேண்டும் என எண்ணுபவரே இங்கு கருதப்படுபவர். அவர் கடையில் நின்று முகப்பிலுள்ள பெயரையும், அதன்கீழ் எழுதிய ஆழத்தின் எண்ணையும், விலைச்சீட்டையும் பார்த்துத் தெரிவுசெய்துவிட்டு வீடு திரும்புவாராயின், ஒருநாட் காலை கண்ணாடியின் உட்புறத்தே நீராவி படிந்திருக்கக் கண்டு திகைக்க நேரலாம். அந்நீர்த்துளி பொறியினுள்ளே துருவை விளைத்தால், திருத்தும் செலவு ஒரு புதிய கடிகாரத்தின் விலையை எட்டுதலும் உண்டு.

கைக்கடிகாரத்தை உறுதியாக்கும் முயற்சியின் வரலாறு சுவையானது. 1930ஆம் ஆண்டளவில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படை அதிகாரிகள் குதிரை மீதமர்ந்து போலோ ஆடுவர். கோலும் பந்தும் பட்டு அவர்களுடைய கடிகாரங்களின் கண்ணாடி உடைந்துகொண்டே இருந்தது. இக்குறை சேசார் டி திரே என்னும் வணிகரின் செவிக்கு எட்டியது. அதன் பயனாக 1931இல் தோன்றியதே ஜெஜெர் லெகுல்த் நிறுவனத்தின் ‘றெவேர்சோ’. ஆட்டம் தொடங்குமுன் கடிகாரத்தை அதன் சட்டத்தினுள்ளேயே புரட்டிவிட்டால், கண்ணாடி கைப்பக்கமாக மறைந்துகொள்ள, உலோக முதுகு வெளியே நின்று அடியைத் தாங்கும். அறிவுக்கூர்மை மிக்க ஏற்பாடுதான். ஆயினும், அடி விழும் வேளையை முன்னரே அறிந்தவருக்கே அது உதவும்.

நீரைத் தடுத்த கதை இன்னும் புகழ் பெற்றது. றோலெக்ஸ் நிறுவனத்தார் 1926இல் சிப்பி என்னும் பொருள்படும் ‘ஒயிஸ்ரர்’ என்ற கடிகாரத்தை வெளியிட்டனர். அதன் முதுகு மூடியும், சாவி கொடுக்கும் குமிழும் திருகாணிபோல் முறுக்கி மூடப்படுவன. 1927 ஒக்ரோபர் 7ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த மேர்சிடிஸ் கிளைற்ஸ் என்னும் பெண்மணியின் சாதனையைச் சிலர் ஐயுற்றதனால், அதே மாதம் 21ஆம் நாள் அவர் மீண்டும் கடலில் இறங்கினார். அப்போது ஓர் ஒயிஸ்ரர் கடிகாரம் அவருடன் சென்றது. பத்து மணி நேரத்துக்கு மேற் குளிரோடு போராடிய அவர் கரையை எட்ட முடியாமல் தூக்கி எடுக்கப்பட்டார்; கடிகாரமோ பிழையின்றி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் 24ஆம் நாள் ‘டெய்லி மெயில்’ பத்திரிகையின் முதற்பக்கம் முழுவதும் இதுபற்றிய விளம்பரம் வெளியாயிற்று. அக்கடிகாரம் அவர் மணிக்கட்டில் இருக்கவில்லை, கழுத்திலே தொங்கியது என்பதைக் கேட்டு இன்று பலர் வியப்பர். எவ்வாறாயினும், முறுக்கி மூடும் குமிழ் அன்று தொட்டு இன்று வரை உறுதிமிக்க கடிகாரங்களின் அடையாளமாய் நிலைத்துவிட்டது.

உறுதிமிக்க கடிகாரம் என்றால் மலிவான உருக்கிலும், உயர்தரக் கடிகாரம் என்றால் பொன்னிலும் செய்வதே நெடுநாள் வழக்கு. இவ்வழக்கை உடைத்தது 1972இல் ஓடெமார் பிகே நிறுவனம் வெளியிட்ட ‘றோயல் ஓக்’. ஜெரால்ட் ஜென்ரா வரைந்த அந்த உருக்குக் கடிகாரத்துக்குப் பல பொற்கடிகாரங்களினும் மேலான விலை குறிக்கப்பட்டது. விலை உலோகத்துக்கன்று, வேலைப்பாட்டுக்கே என்னும் எண்ணம் அதன்பின் வேரூன்றியது. ஆகவே, இன்று கடைக்குச் செல்பவர் முன் உள்ள வினா, அந்த விலையில் எவ்வளவு பங்கு உண்மையில் உறுதியாக மாறியிருக்கின்றது என்பதே.

முதலிற் பொறியை நோக்குவோம். சாவி கொடுக்கும் கடிகாரத்தின் உயிர், அங்குமிங்கும் ஊசலாடும் சமநிலைச் சில்லு. இன்றைய கடிகாரங்கள் பலவற்றில் அது ஒரு செக்கனுக்கு எட்டு முறை அடிக்கின்றது. ஒரு நாளைக்கு 691,200 முறை. ஆண்டொன்றுக்கு 25 கோடிக்கும் மேல். இச்சில்லைத் தாங்கும் அச்சின் முனைகள் மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவே பருமனுடையவை. முற்காலத்திற் கடிகாரம் நிலத்தில் விழுந்தால் முதலில் முறிவது இம்முனையே. முனை அமரும் சிறு கல்லை ஒரு மெல்லிய வில்லினாற் பிடித்து வைத்து, அதிர்ச்சி வரும்போது கல் சற்று விலகிப் பின் தன்னிடத்துக்கே மீளும்படி செய்தனர் சுவிற்சர்லாந்துத் தொழிலாளர். 1930களிற் பரவிய ‘இன்காபுளொக்’ என்னும் அமைப்பு அவ்வகையிற் பேர்பெற்றது. இன்று அதிர்ச்சி தாங்கும் எனக் கூறப்படும் கடிகாரம், ஒரு மீற்றர் உயரத்திலிருந்து கடினமான மரத்தளத்தில் விழுவதற்கு ஒப்பான அடியைத் தாங்க வேண்டுமென்பது பன்னாட்டு நியமம். தரை ஓட்டில் விழுவதையோ, துளையிடும் இயந்திரத்தின் இடைவிடாத நடுக்கத்தையோ அந்நியமம் கருதவில்லை. எத்துணை விலை கொடுத்து வாங்கினும், சம்மட்டி பிடிக்கும் கையிலே சாவிக் கடிகாரம் சுகமாக இராது.

அத்தகைய தொழிலுடையோர் பற்றரியால் இயங்கும் குவாட்ஸ் கடிகாரத்தை இழிவாக எண்ணத் தேவையில்லை. 1969 டிசெம்பர் 25ஆம் நாள் யப்பானின் சீக்கோ நிறுவனம் ‘அஸ்ரோன்’ என்னும் முதற் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டபோது அதன் விலை 450,000 யென். ஒரு மோட்டார் வண்டியின் விலைக்கு நிகர். மலிவுப் பொருளாய் அது மாறியது பிற்காலத்திலேதான். இன்றும் அதே குலத்து கிராண்ட் சீக்கோவின் ‘9எப்’ எனப்படும் குவாட்ஸ் பொறி ஆண்டொன்றுக்குப் பத்துச் செக்கனுக்கு மேற் பிழையாத வகையிற் செய்யப்படுகின்றது. சாவிக் கடிகாரத்துக்குச் சுவிற்சர்லாந்தின் நேரச் சோதனைச் சாலை வழங்கும் சான்று, நாளொன்றுக்கு நான்கு செக்கன் பிந்துவதையும் ஆறு செக்கன் முந்துவதையும் அனுமதிக்கின்றது என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உறுதியொன்றே குறிக்கோளாயின் கசியோவின் ‘ஜீ-ஷொக்’ கடிகாரத்தை வெல்வது அரிது. தந்தையார் கொடுத்த கடிகாரம் விழுந்து சிதறியதைக் கண்ட கிக்குவோ இபே என்னும் பொறியியலாளர், பத்து மீற்றரிலிருந்து விழுந்தாலும் கெடாததும், பத்து வளிமண்டல அமுக்கத்தைத் தாங்குவதும், பத்தாண்டு பற்றரி உழைப்பதுமான ஒன்றை ஆக்க முயன்று, ஏறத்தாழ இருநூறு மாதிரிகளைச் செய்து பார்த்து, 1983இல் வெற்றி கண்டார். அக்குடும்பத்திலேயே டைட்டானியத்தாற் செய்த உயர்விலை வகை 1996 முதல் வருகின்றது. உயர்தரம் என்ற சொல்லுக்குச் சுவிற்சர்லாந்து மாத்திரம் உரிமையுடையதன்று.

அடுத்தது நீர். கடிகார விற்பனையில் இதனைப்போற் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்ட செய்தி வேறொன்றில்லை எனலாம். முகப்பில் 30 மீற்றர் என்றிருந்தால் அத்தனை ஆழத்துக்கு அணிந்து செல்லலாம் என்பது பொருளன்று. அந்த ஆழத்துக்குரிய அமுக்கத்தை, ஆய்வுகூடத்தில், அசைவற்ற நிலையில், புதிதாக இருக்கும்போது அவ்வகைக் கடிகாரம் தாங்கியது என்பதே பொருள். நீந்துபவர் கையை வீசும்போது அமுக்கம் பன்மடங்காகிவிடும், அதனாலேயே நீர் புகுகின்றது என விளக்கம் கூறுவோர் பலர். இது மிகைக்கூற்று. கை செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் நீரை மோதினாலும், அதனாற் கூடும் அமுக்கம் ஒன்றேகால் மீற்றர் ஆழ நீரின் அமுக்கத்துக்கே சமனாகும்.

அப்படியாயின் நீர் புகுவது எவ்வாறு? குற்றவாளி ஒரு சிறு இறப்பர் வளையம். முதுகு மூடியின் கீழும், கண்ணாடியைச் சுற்றியும், சாவிக் குமிழினுள்ளும் அமர்ந்து நீரைத் தடுப்பன இவ்வளையங்களே. காலத்தால் இவை காய்ந்து இறுகும். சவர்க்காரமும் வாசனைத் தைலமும் இவற்றை வாட்டும். சுடுநீர்க் குளிப்பும் உடன் வரும் குளிர்ச்சியும் இவற்றைத் தளர்த்தும். பத்தாண்டுகளாகத் திறந்து பாராத 300 மீற்றர்க் கடிகாரத்தை விட, சென்ற மாதம் வளையம் மாற்றிச் சோதித்த 100 மீற்றர்க் கடிகாரமே கடலுக்கு ஏற்ற துணை. இன்னொன்று, மனித மறதி. நேரத்தைத் திருத்திவிட்டுக் குமிழை முறுக்கி மூட மறந்து நீரில் இறங்குபவருக்கு எந்த எண்ணும் காவலாகாது.

நீந்துபவருக்கு 100 மீற்றர்க் குறியும் முறுக்கிக் குமிழும் போதுமானவை. மூழ்கித் தொழில் செய்வோருக்கெனத் தனியான பன்னாட்டு நியமம் உண்டு. அதன்படி, மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதித்தல் போதாது. ஒவ்வொரு கடிகாரமும் குறித்த ஆழத்தினும் நூற்றுக்கு 25 பங்கு மிகுந்த அமுக்கத்திற் சோதிக்கப்படல் வேண்டும். 1953இல் பிளாங்பான் நிறுவனத்தின் ‘ஐம்பது பாகம்’ என்னும் பொருள்பட்ட பெயருடைய கடிகாரமும், அதே காலத்தில் றோலெக்ஸின் ‘சப்மரீனர்’ கடிகாரமும் இத்துறைக்கு வழி திறந்தன. பாகம் என்பது இங்கு ஆழம் அளக்கும் ஆறடி அளவு. ஐம்பது பாகம் ஏறத்தாழ 91 மீற்றர். ஆயிரம் மீற்றர் எழுதிய தடித்த கடிகாரத்தை நகரத்து அலுவலர் ஒருவர் அணிவதில் அழகுணர்ச்சி இருக்கலாம், தேவை இல்லை. தடித்த கூடு சட்டைக் கையினுள் புகாது. கதவு நிலைகளில் அதிகம் முட்டும். உறுதியைத் தேடி வாங்கிய பருமனே அடிபடக் காரணமாவது வேடிக்கை.

கண்ணாடியைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் இரத்தினபுரி நினைவுக்கு வரும். உயர்தரக் கடிகாரங்களின் முகப்பை மூடுவது இன்று பெரும்பாலும் செயற்கை நீலக்கல். நிறமற்றதாயினும், பொருளளவில் இரத்தினபுரிக் குழிகளிற் கிடைக்கும் நீலக்கல்லும் அதுவும் ஒன்றே; இரண்டும் அலுமினியத்தின் ஒட்சைட்டு. கடினத்தை அளக்கும் வரிசையில் வைரத்துக்குப் பத்து என்றால் இதற்கு ஒன்பது. கடற்கரை மணலிலுள்ள குவாட்ஸ் துகளுக்கு ஏழு. ஆதலால் மணல் உருக்கைக் கீறும், நீலக்கல்லைக் கீறாது. எனினும் கடினம் வேறு, முறியாமை வேறு. ஓங்கிய அடிபட்டால் நீலக்கல் நொறுங்கும். அதன் துண்டுகள் பொறியினுள்ளும் விழும். 1965இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, 93 பாகை வெப்பம் முதல் உறைநிலைக்குக் கீழ் 18 பாகை குளிர் வரை வருத்திச் சோதித்துத் தெரிவுசெய்த ஒமேகாவின் ‘ஸ்பீட்மாஸ்ரர்’ கடிகாரத்துக்குப் பிளாத்திக்குக் கண்ணாடியே இருந்தது. அது கீறுபடும், ஆனால் சிதறாது. கீறலையும் பற்பசை போன்ற மெருகுப் பசையினால் தேய்த்து அகற்றிவிடலாம். அன்றாட வாழ்வில் உராய்வுகளே மிகுதி, ஓங்கிய அடி அரிது. ஆகவே நீலக்கல்லே பெரும்பாலோருக்கு ஏற்றது.

கூட்டின் உலோகத்தைப் பொறுத்தவரை, பதினெட்டுக் கரட் பொன்னில் நாலில் மூன்று பங்கு தூய பொன். அது மென்மையானது, பாரமானது, திருடர் கண்ணுக்கு இனியது. உழைக்கும் கைக்கு அது வேண்டா. துருப்பிடியா உருக்கே இன்றும் சிறந்தது. ‘316எல்’ என்னும் வகையைப் பெரும்பாலானோர் கையாள்கின்றனர். றோலெக்ஸ் நிறுவனத்தார் 1985 முதல் உப்பையும் அமிலத்தையும் மேலும் எதிர்க்கவல்ல ‘904எல்’ வகையைக் கையாளத் தொடங்கினர். வியர்வை மிகுந்த வெப்பநாட்டில் இவ்வேறுபாட்டுக்குப் பொருளுண்டு. எனினும், துருப்பிடியாது என்ற பெயரை முற்றாக நம்பலாகாது. மூடியின் விளிம்பிலே தங்கும் உப்பு, நாளடைவில் எந்த உருக்கையும் ஊசி குத்தியதுபோல் அரிக்கும். கடலில் நனைந்த கடிகாரத்தை நன்னீரில் அலசுதல் இதற்கு எளிய மருந்து. டைட்டானியம் உருக்கின் பாரத்தில் அரைப்பங்குக்குச் சற்று மேல், வியர்வைக்கு அஞ்சாதது, நிக்கல் உலோகத்தால் தோல் தடிப்போருக்கும் இசைவானது, ஆனால் மேற்பூச்சில்லாவிடின் விரைவிற் கீறுபடும். சுட்ட பீங்கானாற் செய்த கூடு பல ஆண்டு சென்றும் புதிதுபோல் மின்னும்; ஒருமுறை சீமெந்துத் தரையில் விழுந்தால் வெடித்துவிடலாம்.

பட்டியைக் கடைசியாகவே பலர் நோக்குவர்; கடிகாரம் தொலைந்துபோவதோ பெரும்பாலும் பட்டியினால். பல லட்சம் பெறுமதியுள்ள பொருளைக் கையோடு பிணைத்து நிற்பன, உள்ளே சிறு வில் பொதிந்த இரண்டு மெல்லிய ஊசிகள். அவற்றின் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலைக்கு மேற் போகாது. ஆண்டுக்கொருமுறை அவற்றை மாற்றச் சோம்புபவர், கடலலையில் வெறுங்கையைப் பார்த்து நிற்க நேரும். பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு 1973இல் தன் வீரருக்கென வகுத்த நைலோன் பட்டி, இரண்டு ஊசிகளின் கீழும் ஒரே துண்டாய் ஓடுவது. ஓர் ஊசி முறிந்தாலும் மற்றையது கடிகாரத்தைத் தாங்கும். அழகிற் குறைந்ததாயினும் பாதுகாப்பில் இதற்கு நிகரில்லை. தோற்பட்டி, வியர்வையில் ஊறி நாற்றமெடுத்துச் சில மாதங்களில் இற்றுவிடும். உழைக்கும் கைக்கு இறப்பரோ, உருக்குச் சங்கிலியோ உகந்தது. சங்கிலியாயின், கடைசிக் கண்ணிகள் குழாயாக வளைத்த தகடா அன்றி முழு உருக்கா என்பதையும், பூட்டு எதிர்பாராது திறவாதிருக்க இரட்டைக் காப்பு உண்டா என்பதையும் கையிலெடுத்துப் பார்த்தல் வேண்டும். வெயிலிற் கை வீங்கும்; ஆதலால் கருவியின்றியே சில மில்லிமீற்றர் நீட்டக் குறுக்கக்கூடிய பூட்டு மிகவும் வசதியானது.

காந்தம் முற்காலத்தில் மின்தொழிலாளருக்கு மாத்திரம் தொல்லையாயிருந்தது. ஆய்வுகூடத்தாருக்கென றோலெக்ஸ் 1956இல் ‘மில்கவுஸ்’ என்ற கடிகாரத்தைச் செய்தது அதனாலேயே. இன்றோ கைத்தொலைபேசி, ஒலிபெருக்கி, கைப்பையின் பூட்டு எங்கும் காந்தம். உருக்குச் சுருள்வில் காந்தமேறினால் கடிகாரம் நாளுக்குப் பல நிமிடம் முந்தும். அஞ்ச வேண்டியதில்லை, திருத்துபவர் ஒரு நிமிடத்தில் அதனை நீக்கிவிடுவார். சிலிக்கனாற் செய்த சுருள்வில்லையுடைய புதிய பொறிகளை இத்தொல்லை அணுகாது.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், அலுவலகத்திலும் விளையாட்டுத் திடலிலும் வார இறுதியிற் கடலிலும் ஒரே கடிகாரத்தை அணிய விரும்புபவருக்கு ஏற்றது, 36 முதல் 40 மில்லிமீற்றர் குறுக்களவும், உருக்குக் கூடும், நீலக்கற் கண்ணாடியும், முறுக்கிக் குமிழும், 100 மீற்றர்க் குறியும், நேரத்தை மாத்திரமோ, அதனோடு திகதியையும் மாத்திரமோ காட்டும் முகப்பும் உடைய ஒன்று. றோலெக்ஸின் ‘எக்ஸ்புளோரர்’, ஒமேகாவின் ‘அக்குவா ரெறா’, ரியூடரின் ‘பிளாக் பே’ ஆகியன இவ்வினத்தன. ஓட்டத்தை அளக்கும் பொத்தான்கள் பார்வைக்குக் கம்பீரமானவை. ஆனால் ஒவ்வொரு பொத்தானும் நீர் புகக்கூடிய ஒரு வாயில், திருத்துங்காலை மேலதிகச் செலவு.

பணம் கொடுக்குமுன் கேட்கவேண்டிய வினா இன்னுமொன்று உண்டு: இதனைத் திருத்துபவர் எங்கே இருக்கின்றார்? சாவிக் கடிகாரத்தை ஐந்து முதற் பத்தாண்டுக்கொருமுறை முற்றாகக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெயிடல் வேண்டும். ‘ஈற்றா 2824’ போன்ற பொதுப்பொறிகளை உலகெங்கும் பல திருத்துநர் அறிவர். நிறுவனமொன்று தனக்கெனவே செய்யும் பொறிக்கு உறுப்புகள் அந்நிறுவனத்திடமே கிடைக்கும். அதன் திருத்துமிடம் நாட்டில் இல்லையெனின், கடிகாரம் கடல் கடந்து போய் மாதக்கணக்கிற் காத்திருக்கும். வாங்குபவர் அதன் செலவையும் விலையோடு கூட்டிக் கணித்தல் நன்று. பழைய கடிகாரத்தை வாங்குபவர், முன்னைய திருத்தச் சீட்டுகள் கையில் இல்லையாயின், முதலில் அதனை அமுக்கச் சோதனைக்கு அனுப்பிவிட்டே நீரில் நனைக்க வேண்டும்.

திருத்தக் கொடுக்கும்போது, கேளாமலே மெருகிட்டுத் தருவது சில கடைகளின் வழக்கம். மெருகிடல் என்பது உலோகத்தைத் தேய்த்து நீக்குதலே. ஒவ்வொரு முறையும் கூட்டின் விளிம்புகள் மழுங்கும். பட்டி ஊசி அமரும் காதுகளும் மெலியும். கீறல்களை அப்படியே விட்டுவிடும்படியும், இறப்பர் வளையங்கள் அனைத்தையும் மாற்றி அமுக்கச் சோதனையின் சீட்டைத் தரும்படியும் எழுத்திலே கேட்டுவிட்டுக் கொடுப்பதே முறை.